ஒரே பெட்டியில் மூன்று நொதிகள்: ஆர்என்ஏ பழுதுநீக்கத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

அறுந்த ஆர்என்ஏயை ஒட்டவும், வேதிச் சேதம் அடைந்த காரங்களை (ஆர்என்ஏயின் எழுத்துகளான ஏ, சி, ஜி, யு ஆகியவற்றை) பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உதவும் என்ற அறிவிப்போடு விற்கப்படும் நொதித் தொகுப்பு ஒன்றை எட்டு மாதங்களாக ஆய்வகத்தில் பயன்படுத்தி வருகிறேன். பெட்டிக்குள் மூன்று நொதிக் குப்பிகள் இருக்கின்றன: முனைகளைத் திருத்தும் டி4 பாலிநியூக்ளியோடைடு கைனேஸ், துண்டுகளை ஒட்டும் ஈ. கோலையின் ஆர்டிசிபி லைகேஸ், மெத்தில் தொகுதியை நீக்கும் அதே பாக்டீரியாவின் ஆல்க்-பி டீமெத்திலேஸ். ஒவ்வொன்றுக்கும் உரிய தாங்கல் கரைசலும், நான்காக மடித்த விளக்கத் தாள் ஒன்றும் உடன் வருகின்றன. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. என் குறைகளில் பெரும்பாலானவை அந்த விளக்கத் தாளைப் பற்றியவை; இந்த மூன்று நொதிகளோ தனித்தனியாகப் பலரிடமும் கிடைப்பவை. எனவே இந்த மதிப்புரை எந்தப் பெட்டியை வாங்கியவருக்கும் பொருந்தும்.

இத்தகைய தொகுப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆர்என்ஏயின் ஒவ்வொரு சர்க்கரையிலும் உள்ள 2'-ஹைட்ராக்சில் தொகுதி, பக்கத்திலேயே இருக்கும் பாஸ்பேட்டைத் தாக்கக்கூடியது (2', 3', 5' என்பவை சர்க்கரையின் கரிம அணுக்களுக்கு இட்ட எண்கள்; இழையின் இரு முனைகளுக்கும் 5', 3' என்றே பெயர்). டிஎன்ஏயில் இல்லாத பலவீனம் இது. அந்தத் தாக்குதலில் இழை அறும்போது, ஒரு துண்டின் முனையில் 2',3'-வளைய பாஸ்பேட்டும், மற்றத் துண்டின் தொடக்கத்தில் 5'-ஹைட்ராக்சிலும் எஞ்சுகின்றன. காரக் கரைசலில் அறுந்தாலும், மெக்னீசியத்தோடு சூடாக்கியதால் அறுந்தாலும், பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று கொல்லப் பயன்படுத்தும் பல ஆர்என்ஏ நச்சுகளால் அறுந்தாலும் மிஞ்சுவது இதே இரண்டு முனைகள்தான். ஆய்வகத்தில் நாம் அன்றாடம் கையாளும் நொதிகளோ இவற்றுக்கு நேர் எதிரான முனைகளைக் கேட்கின்றன: அடினின் வால் சேர்க்கும் பாலி-ஏ பாலிமரேஸுக்கு 3'-ஹைட்ராக்சில் வேண்டும், டி4 ஆர்என்ஏ லைகேஸுக்கு 3'-ஹைட்ராக்சிலும் 5'-பாஸ்பேட்டும் வேண்டும். பாக்டீரியாவின் தூது ஆர்என்ஏயில் நீண்ட பாலி-ஏ வால் இயல்பாக இருப்பதில்லை என்பதால், ஆர்என்ஏயின் எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் நானோபோர் கருவியில் நேரடியாக வாசிப்பதற்கு முன் நாமே வால் சேர்க்க வேண்டியிருக்கிறது. வளைய பாஸ்பேட்டோடு நிற்கும் துண்டுக்கு அந்த வால் ஏறாது. வால் ஏறாதது வாசிப்பில் வராது. நச்சினால் அறுந்த ஆர்என்ஏயைத் தேடிச் செய்யும் சோதனையில், அறுந்தவை மட்டுமே கணக்கில் வராமல் போகும் வேடிக்கையான நிலை இப்படித்தான் ஏற்படுகிறது.

இந்தப் பின்னணியில்தான் பெட்டியை ஆவலோடு பிரித்தேன். ஏமாற்றம் முதல் வாரத்திலேயே வந்தது.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது ஈ. கோலையின் கடத்து ஆர்என்ஏ (tRNA), அதாவது புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுசெல்லும் ஆர்என்ஏ. அதைக் கோலிசின் இ5 நச்சால் வெட்டினோம். இந்த நச்சு டைரோசின், ஹிஸ்டிடின், அஸ்பராஜின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய நான்குக்கும் உரிய கடத்து ஆர்என்ஏக்களை மட்டும், தூது ஆர்என்ஏயின் குறியோடு இணையும் எதிர்க்குறியன் வளைவில், 34ஆம் 35ஆம் இடங்களுக்கு நடுவே துல்லியமாக வெட்டும். அந்த நான்கிலும் 34ஆம் இடத்தில் இருப்பது வெறும் குவனின் அன்று, கியுவோசின் என்னும் மாற்றமடைந்த காரம். யூரியா ஜெல்லில் ஓடவிட்டு, அஸ்பார்டிக் அமிலத்துக்குரிய கடத்து ஆர்என்ஏயை, அதோடு மட்டும் இணையும் ஒரு துருவியால் (probe) தேடிப் பார்த்தால், முழு நீளப் பட்டை மங்கி, அதன் பாதி நீளத்தை ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு துண்டுகள் தெளிவாக நிற்கும். பழுதுநீக்கம் நடந்திருந்தால் அந்த இரண்டும் மறைந்து மேலே உள்ள பட்டை திரும்ப வேண்டும். இதைவிட நேர்மையான சோதனையை ஒரு லைகேஸுக்கு வைக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

விளக்கத் தாளில் அம்புக்குறிகளோடு ஒரு படம் அச்சிடப்பட்டிருக்கிறது. முதலில் கைனேஸ், அடுத்து ஆர்டிசிபி, கடைசியாக ஆல்க்-பி. அந்த வரிசையை அப்படியே பின்பற்றினோம். மூன்று முறை செய்தும் மேல்பட்டை எழவில்லை. கீழே இரண்டு துண்டுகளும் அசையாமல் நின்றன. நொதி செத்துவிட்டது என்று முடிவுகட்டி மாற்றுக் குப்பி கேட்டு எழுதவும் தொடங்கிவிட்டேன், உடன் பணிபுரியும் தோழி ஒருவர், "முதல் குப்பி என்ன செய்கிறது என்று யோசித்தீர்களா?" என்று கேட்ட பிறகுதான் பிழை எங்கே இருக்கிறது என்பது உறைத்தது.

டி4 கைனேஸுக்கு இரண்டு வேலைகள் தெரியும். 5'-ஹைட்ராக்சில் முனையில் ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வைக்கும். 3' முனையில் உள்ள பாஸ்பேட்டையும் வளைய பாஸ்பேட்டையும் நீக்கிவிடும். ஆர்டிசிபி கேட்பதோ இதற்கு முற்றிலும் நேர்மாறானது: 3' பக்கம் பாஸ்பேட் இருக்க வேண்டும், 5' பக்கம் ஹைட்ராக்சில் இருக்க வேண்டும். அதாவது முதல் குப்பி, இரண்டாம் குப்பிக்குத் தேவையான இரண்டு முனைகளையும் ஒரே அடியில் அழித்துவிடுகிறது. அம்புக்குறி வரிசையில் செய்தால் ஆர்டிசிபிக்கு ஒட்டுவதற்கு எதுவுமே மிஞ்சாது. கைனேஸை விட்டுவிட்டு, வெட்டிய ஆர்என்ஏயை நேரடியாக ஆர்டிசிபியிடம் கொடுத்த நாளில், ஒரு மணி நேரத்தில் மேல்பட்டை திரும்பியிருந்தது. துண்டுகள் இரண்டும் நிழல்போல மட்டும் தெரிந்தன. நொதியின் மீது சந்தேகப்பட்டதற்கு வெட்கப்பட்டேன்.

இயற்கையில் இந்த இரண்டு நொதிகளும் இருவேறு பழுதுநீக்க மரபுகளைச் சேர்ந்தவை என்பதை அந்தத் தாள் ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். கைனேஸ், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான டி4 பாக்டீரியோபேஜுக்கு (சுருக்கமாகப் பேஜ்) சொந்தமானது. சில ஈ. கோலை வகைகளில், பேஜ் உள்ளே நுழைந்து பாக்டீரியாவின் டிஎன்ஏ வெட்டும் காவலை முடக்கும்போது, அதுவரை உறங்கிக்கொண்டிருந்த பிஆர்ஆர்சி என்ற நொதி விழித்து, லைசினுக்குரிய கடத்து ஆர்என்ஏயை எதிர்க்குறியனில் வெட்டி, புரத உற்பத்தியையே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பதிலடியாகப் பேஜ் தன் கைனேஸையும் ஆர்என்ஏ லைகேஸ் 1ஐயும் கொண்டுவந்து, முனைகளைத் திருத்தி ஒட்டிக்கொள்கிறது. 1987இலேயே இது தெளிவாக்கப்பட்டது. ஆகவே கைனேஸுக்கு உரிய கூட்டாளி டி4 ஆர்என்ஏ லைகேஸ் 1. அது இந்தப் பெட்டியில் இல்லை! கூட்டாளியை விட்டுவிட்டு எதிரணிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் கைனேஸ் குப்பி வீணா என்றால், இல்லை. ஒட்டுவதற்கு அன்றி, வால் சேர்ப்பதற்கு முன்னால் முனையைத் திருத்துவதற்கு அதைத் தனியாகப் பயன்படுத்தலாம். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்கிறது. நச்சால் வெட்டிய ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கைனேஸ் சேர்த்தும் மறுபாதியில் சேர்க்காமலும் பாலி-ஏ வால் ஏற்றிப் பார்த்தபோது, சேர்த்த பாதியில் மட்டும், வளைய பாஸ்பேட் முனை கொண்ட 5' பக்கத் துண்டு மேலே நகர்ந்து பரந்த பட்டையாக ஆனது. பாஸ்பேட்டை நீக்கும் செயல் மட்டும் போதும் என்றால் ஏடிபி சேர்க்க வேண்டியதில்லை. பெட்டியில் உள்ள தாங்கல் கரைசலில் ஏடிபி முன்கூட்டியே கலக்கப்படாமல் தனிக் குப்பியில் தரப்பட்டிருப்பது நல்ல யோசனை.

இனி ஆர்டிசிபி. இந்தப் பெட்டியை வாங்கியதற்கான காரணமே இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பாக்டீரியாவின் ஆர்டிசிபி ஒரு ஆர்என்ஏ லைகேஸ் என்பது 2011இல்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஆர்க்கியா என்னும் நுண்ணுயிரிகளிலும் மனித உயிரணுவிலும் இதே குடும்பத்து நொதிகள் கடத்து ஆர்என்ஏயின் துண்டுகளை ஒட்டுவது காட்டப்பட்டது. பழைய லைகேஸ்கள் ஏடிபியில் ஓடுகின்றன. இது குவனோசின் டிரைபாஸ்பேட்டையும் மாங்கனீசையும் கேட்கிறது. முதலில் வளைய பாஸ்பேட்டைத் திறந்து 3'-பாஸ்பேட்டாக்குகிறது. பிறகு தன் 337ஆம் ஹிஸ்டிடினில் ஏற்றி வைத்திருக்கும் குவனோசின் மோனோபாஸ்பேட்டை அந்த 3'-பாஸ்பேட்டின் மேல் ஏற்றுகிறது. இறுதியாக மறுதுண்டின் 5'-ஹைட்ராக்சில் வந்து தாக்க, குவனோசின் மோனோபாஸ்பேட் விலகி இழை மூடுகிறது. இதில் என்னை எப்போதும் கவரும் ஒரு நுட்பம் உண்டு. ஒட்டிய இடத்தில் நிற்கும் பாஸ்பேட், அறுவதற்கு முன் அங்கே இருந்த அதே பாஸ்பேட். பேஜின் வழியிலோ பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு ஏடிபியிலிருந்து புதியதை வாங்கி வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு வழியிலும் ஒட்டு உறுதியானதுதான். ஆனால் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொண்டு எந்தப் பாஸ்பேட் எங்கே போனது என்று பார்க்க விரும்புபவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆர்டிசிபி குப்பி வேலை செய்யாமல் போனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் ஆர்என்ஏ கரைந்திருக்கும் நீரைத்தான். ஆர்என்ஏயைப் பாதுகாக்க இடிடிஏ கலந்த கரைசலில் வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். இடிடிஏ மாங்கனீசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கலவையில் மாங்கனீசு குறைந்த அளவிலேயே இருப்பதால் சிறிதளவு இடிடிஏ வந்து சேர்ந்தாலும் நொதி பட்டினி கிடக்கும். தாளில் இதற்கு எச்சரிக்கை இல்லை. ஆர்என்ஏயை எத்தனாலில் வீழ்படிவாக்கி, தூய நீரில் கரைத்துக்கொண்டால் சிக்கல் தீர்கிறது. அடுத்து, மாங்கனீசுத் தாங்கல் கரைசலின் நிறத்தைப் பாருங்கள். சற்றே காரத்தன்மை உள்ள கரைசலில் மாங்கனீசு காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து மெல்லப் பழுப்பாகும். என் பெட்டியில் வந்தது ஐந்தாம் மாதத்தில் வெளிறிய தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. மாங்கனீசு குளோரைடைத் தனியாக வைத்து, வேண்டும்போது கலந்துகொள்ளும்படி கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இருக்காது.

வேலை முடிந்ததும் நொதியை வெப்பத்தால் முடக்கச் சொல்லும் அறிவுரையையும் நான் ஏற்கவில்லை. உலோக அயனி உள்ள கரைசலில் ஆர்என்ஏயைச் சூடாக்குவது, மேலே சொன்ன அதே 2'-ஹைட்ராக்சில் தாக்குதலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் அறுக்கிறோம். முதலில் இடிடிஏ சேர்த்து உலோகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு எதையும் செய்யலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடத்து ஆர்என்ஏயில் அறுந்த இரண்டு பாதிகளும் தண்டுப் பகுதியின் கார இணைகளால் ஒன்றாகப் பிடித்து வைக்கப்பட்டிருப்பதால், எந்த முனை எதோடு சேர வேண்டும் என்பதில் குழப்பம் நேர்வதில்லை. வடிவம் இல்லாத நீண்ட துண்டுகளில் அந்த வசதி கிடையாது. ஒரே துண்டின் இரு முனைகளிலும் உரிய வேதித் தொகுதிகள் இருந்தால் ஆர்டிசிபி அதை வளையமாக்கிவிடும். ஜெல்லில் வளையம் தன் நீளத்துக்குப் பொருந்தாத இடத்தில் போய் நின்று பார்ப்பவரைக் குழப்பும். உயிரணுவிலிருந்து எடுத்த மொத்த ஆர்என்ஏ முழுவதையும் இந்தப் பெட்டியால் "பழைய நிலைக்கு" கொண்டுவரலாம் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குக் கிடைக்கப்போவது எவை எவையோ ஒட்டிக்கொண்ட ஒரு கலவை.

இந்த இடத்தில் ஒரு ஏக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளோஸ்டிரிடியம் தெர்மோசெல்லம், அனபீனா போன்ற பாக்டீரியாக்களில் ஹென்1 என்ற மெத்தில் மாற்று நொதி, தன் கூட்டாளியான பிஎன்கேபியோடு சேர்ந்து இயங்குகிறது. அறுந்த முனையை ஒட்டுவதற்கு முன், அங்கே உள்ள 2'-ஹைட்ராக்சிலில் அது ஒரு மெத்தில் தொகுதியைப் பூட்டிவிடுகிறது. தாக்கக்கூடிய ஹைட்ராக்சிலே பூட்டப்பட்டுவிட்டதால், ஒட்டிய பிறகு அதே நச்சு அதே இடத்தில் மீண்டும் வெட்ட முடியாது. 2009இல் சோதனைக் குழாயிலேயே இது செய்து காட்டப்பட்டது. வேதி மாற்றமும் பழுதுநீக்கமும் ஒரே செயலாகக் கைகோத்து நிற்கும் இடம் இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது. ஆர்டிசிபியால் ஒட்டிய கடத்து ஆர்என்ஏயோ, கோலிசின் எஞ்சியிருந்தால், மறுபடி அறுபடும். எங்கள் ஜெல்லில் நச்சைச் சரியாக நீக்காத குழாய்களில் துண்டுகள் திரும்ப எழுந்ததற்குக் காரணம் அதுவே. மூன்றாவது குப்பிக்குப் பதிலாக ஹென்1 தொகுதியை வைத்திருந்தால் இந்தப் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன்.

அந்த மூன்றாவது குப்பி, ஆல்க்-பி, அடிப்படையில் நல்ல நொதிதான். மெத்தில் மீத்தேன் சல்போனேட் போன்ற மெத்திலேற்றப் பொருள்கள் அடினோசினின் முதலாம் இடத்திலும் சைட்டிடினின் மூன்றாம் இடத்திலும் ஏற்றும் மெத்தில் தொகுதி, கார இணை சேரும் முகத்தையே மறைத்துவிடும். ஆல்க்-பி இரும்பு, ஆக்சிஜன், 2-ஆக்சோகுளூட்டரேட் ஆகியவற்றின் உதவியால் அந்த மெத்திலை ஆக்சிஜனேற்றி, பார்மால்டிஹைடாக வெளியேற்றுகிறது. டிஎன்ஏயை மட்டும் அல்லாமல் ஆர்என்ஏயையும் அது சீராக்கும் என்பது 2003இல் வெளியானபோது, ஆர்என்ஏ பழுதானால் உயிரணு எறிந்துவிட்டுப் புதிது செய்துகொள்ளும் என்ற பழைய எண்ணம் ஆட்டம் கண்டது. ஒரே ஒரு 1-மெத்தில் அடினோசின் பொதிந்த செயற்கை ஆர்என்ஏயில் இதைச் சோதித்தோம். ஆர்என்ஏயைப் படித்து டிஎன்ஏ நகல் எடுக்கும் எதிர்ப்படியாக்க நொதி அந்த இடத்துக்கு ஒரு காரம் முன்னால் முட்டி நின்ற பட்டை, ஆல்க்-பிக்குப் பிறகு பெரும்பாலும் மறைந்து, முழு நீளப் பட்டையாக ஆனது.

ஆனால் அந்த முடிவு கிடைத்தது பெட்டியில் வந்த இரும்புக் கரைசலால் அன்று. அது இரண்டாம் மாதமே துருநிறத்துக்கு மாறிவிட்டது. பெரஸ் நிலையில் உள்ள இரும்பே இந்த நொதிக்கு வேண்டும். பெரிக் ஆகிவிட்டால் பயனில்லை. பெரஸ் அம்மோனியம் சல்பேட்டை அன்றன்று கரைத்து, அஸ்கார்பிக் அமிலத்தோடு சேர்த்தபோதுதான் நொதி உயிர்பெற்றது. அதிலும் நேரத்தை நீட்டக் கூடாது. இரும்பும் அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனும் ஒன்றுசேர்ந்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் உருவாகி ஆர்என்ஏயையே சிதைக்கும். இரவு முழுவதும் விட்டுவைத்த குழாயில் எங்களுக்குக் கிடைத்தது, மேலிருந்து கீழ்வரை ஒரே இழுவல்.

பாக்டீரியா ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாளில் காட்டப்பட்டுள்ள முன்-பின் படங்கள் எல்லாம் மனிதக் கடத்து ஆர்என்ஏயைக் கொண்டு எடுக்கப்பட்டவை. அங்கே 58ஆம் இடத்தில் 1-மெத்தில் அடினோசின் பரவலாக இருப்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ஈ. கோலையின் கடத்து ஆர்என்ஏயில் அந்த மாற்றம் கிடையாது. காசநோய்க் கிருமியிலும் தெர்மஸ் இனத்திலும் உண்டு. ஈ. கோலையில் வாசிப்பைத் தடுப்பவற்றுள் ஒன்று, சில கடத்து ஆர்என்ஏக்களின் 37ஆம் இடத்தில் உள்ள 1-மெத்தில் குவனோசின்; அதை இயல்பான ஆல்க்-பி சரிவர நீக்காது. 135ஆம் இடத்து அஸ்பார்டேட்டைச் செரினாக மாற்றிய வகை 2015இல் அதற்கென்றே உருவாக்கப்பட்டது. இந்தப் பெட்டியில் அது வைக்கப்படவில்லை. 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏயின் 1518, 1519 ஆகிய இடங்களில் கேஎஸ்ஜிஏ நொதி ஏற்றும் இரட்டை மெத்தில்களால் நின்றுபோகும் பட்டையும் எங்கள் ஜெல்லில் ஆல்க்-பிக்குப் பிறகு அப்படியே இருந்தது. அது சேதம் அன்று, ரைபோசோமின் சொந்த உடைமை. அதை இழந்த பாக்டீரியா கசுகாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அசைந்துகொடுக்காது என்பது பழைய செய்தி. மெத்திலேற்றச் சேதத்தில் மிகுதியாக உருவாகும் 7-மெத்தில் குவனோசினையும் இந்த நொதி தொடுவதில்லை. ஆகவே "மெத்தில் சேதம் அனைத்தையும்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதில் "அனைத்தையும்" என்ற சொல்லை அழித்துவிட வேண்டும். ஆக்சிஜனேற்றச் சேதமான 8-ஆக்சோகுவனினுக்கு எந்தக் குப்பியிலும் மருந்து இல்லை. அப்படி இருப்பதாகப் பெட்டியும் சொல்லவில்லை.

நச்சுகளால் அறுந்த கடத்து ஆர்என்ஏயை ஆராய்பவர்கள் ஆர்டிசிபியைத் தனிக் குப்பியாகவே வாங்கிக்கொள்ளலாம். மொத்த ஆர்என்ஏயை நேரடியாக வாசிப்பவர்களுக்குக் கைனேஸ் மட்டும் போதும். ஆல்க்-பிக்காக இந்தப் பெட்டியை வாங்க எண்ணுபவர்கள், தங்கள் பாக்டீரியாவில் 1-மெத்தில் அடினோசின் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவுசெய்வது நல்லது. மூன்றும் ஒருங்கே தேவைப்படும் ஆய்வகம் இருக்கலாம். எங்களுடையது அப்படிப்பட்டது அன்று.

அம்புக்குறி வரிசையைப் பற்றி நிறுவனத்துக்கு எழுதியபோது மூன்றாம் நாளே மரியாதையான பதில் வந்தது. கைனேஸும் ஆர்டிசிபியும் ஒன்றையடுத்து ஒன்றாகப் பயன்படுத்துவதற்கு உரியவை அல்ல என்று ஒப்புக்கொண்டு, அடுத்த அச்சில் திருத்துவதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். சென்ற மாதம் வாங்கிய இரண்டாம் பெட்டியில் தாளின் நிறம் மாறியிருக்கிறது. அம்புக்குறிகள் பழைய வரிசையிலேயே இருக்கின்றன. நாங்கள் அந்தப் படத்தின்மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு போட்டு உறைபெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.